கல்லீரல் காப்போம் – 11: பத்தியத்தில் பறிபோகும் பருப்பு

சித்தூர், திருப்பதி பக்கம் பல வீடுகளில் ஒருவருக்கு மஞ்சள்காமாலை என்றால் கீழாநெல்லி வந்து சேரும். பருப்பும் வேர்க்கடலையும் தட்டைவிட்டுப் போய்விடும். குடித்துக் கல்லீரல் கெட்டவருக்கும் அதே பத்தியம்தான், கஞ்சியும் மோரும். அன்பால் செய்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே மெலிந்த உடம்பை அது இன்னும் கரைக்கிறது.

குடி கல்லீரலை எப்படிக் கெடுக்கிறது என்று முதலில் பார்ப்போம். மதுவைக் கல்லீரல் இரண்டு கட்டமாகச் சிதைக்கிறது. ஒரு நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக்கும். இன்னொன்று அந்த நச்சை அசிட்டேட்டாக்கும். இரண்டுக்குமே என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் வேண்டும். அது குறையக் குறைய வேலை மந்தமாகும். கொழுப்பை எரிப்பதும் தடைபட்டு, அது கல்லீரலிலேயே படியும்.

தாவரப் புரதத்தின் சிறு துண்டான பெப்டைடு இங்கேதான் வருகிறது. மக்காச்சோளப் புரதத்தை நொதியால் சிறு துண்டுகளாக்கினால் லியூசின், அலனின் என்ற அமினோ அமிலங்கள் மிகுந்த பெப்டைடுகள் கிடைக்கும். 1990களில் ஜப்பானில் ஆரோக்கியமான ஆண்களுக்கு இதைக் கொடுத்துச் சோதித்தார்கள். குடித்தபின் இரத்தத்தில் ஏறும் மதுவின் அளவு குறைந்திருந்தது. அலனின் பைருவேட்டாக மாறுகிறது. பைருவேட் லாக்டேட்டாகும்போது என்.ஏ.டி. மீண்டும் கிடைக்கிறது என்பது விளக்கம். அலனினை அப்படி மாற்றும் நொதியை நமக்கு முன்பே தெரியும். லேப் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று அச்சாகி வருவது அதுதான். கல்லீரல் செல்கள் சிதைந்து அது இரத்தத்தில் கசிவதால்தான் அந்த எண் ஏறுகிறது.

அந்தப் பெப்டைடு சோதனையைக் காட்டி, 'குடிக்கும் முன் ஒரு பாக்கெட்' என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஓரிரவு மது சீக்கிரம் வடிவது வேறு; ஆண்டுக்கணக்காகக் குடிப்பவரின் கல்லீரல் பிழைப்பது வேறு. இஞ்சி விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தார் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், தீவனத்தில் இஞ்சி சேர்த்த எலிகளுக்கு, மதுவால் நலிந்த கல்லீரல் காப்பு நொதிகள் தேறின. மகிழ்ச்சிதான். ஆனால் எலியை வைத்து மனிதருக்கு உறுதி சொல்ல முடியாது.

மனிதருக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது குடியை முழுதாக நிறுத்துவது. அதோடு போதிய புரதம். கல்லீரல் சுருக்க நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். நூறு கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம், வேர்க்கடலையில் 25 கிராம் இருக்கிறது. கல்லீரல் கோளாறால் நினைவு தடுமாறுபவருக்கும் இறைச்சியைவிடத் தாவரப் புரதம் நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. எனவே மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு, ராகிக் களியோடு பருப்பையும் கடலைச் சட்னியையும் தைரியமாகப் பரிமாறுங்கள். படுக்கப்போகும் முன்னும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்; நீண்ட இரவுப் பட்டினியில் அவர்களுக்குத் தசை கரையும்.

கடலையில் மட்டும் ஒரு கவனம். மானாவாரி நிலத்தில், காய் முற்றும் நேரத்தில் வறட்சி அடித்தால் பூஞ்சை தொற்றி அஃப்ளாடாக்சின் சேரும். கல்லீரல் புற்றுநோய்க்கே வழிவகுக்கும் நச்சு அது. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கசப்பதையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வறுத்தாலும் அந்த நச்சு முழுதாகப் போகாது.