ஊனமும் இயலாமையும்: இழப்பீட்டுச் சட்டச் சொற்கள் இரண்டு

மருத்துவர்க்கும் சட்ட வல்லார்க்கும் பொதுவாகிய சொற்கள் சில உள. அவை இரு துறையிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. அவற்றுள் தலையாயவை ஊனம், இயலாமை என்பன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டு இவற்றின் வேறுபாட்டை ஈண்டு ஆராய்வோம்.

ஊனம் என்பது குறைவு எனப் பொருள்படும் வடசொல்லடியாகப் பிறந்தது. உடலுறுப்பின் குறையை அது சுட்டும். இயலாமையோ, 'இயல்' என்னும் வினையடியாகப் பிறந்த எதிர்மறைத் தொழிற்பெயர்; செயல் நிகழாமையைச் சுட்டும். முன்னது மருத்துவர் கண்டு சொல்வது. பின்னது தொழிலொடு சார்த்தி அறியப்படுவது.

அச்சட்டத்தின் முதல் அட்டவணை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். கட்டைவிரலை இழந்தார்க்கு நூற்றுக்கு 30 என்றும், சுட்டுவிரல் முழுதும் இழந்தார்க்கு 14 என்றும், சுண்டுவிரல் முழுதும் இழந்தார்க்கு 7 என்றும் அது வகுத்தது. இழந்தது எங்கும் ஒரு விரலே; அளவுகள் வேறாதல் என்னை? அவை உடலின் குறையை அளப்பன அல்ல. பொருளீட்டும் ஆற்றலின் குறைவை அளப்பன. ஆகவே அவற்றை 'ஊன விழுக்காடு' எனப் பெயர்த்தல் பொருந்தாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பெற்ற தச்சர் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு 1976-ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் வெளிவந்துள்ளது. அது பகுதி இயலாமையே என்பது வேலை தந்தோர் வாதம். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்தல் கூடாமையின் அது முழு இயலாமையே என முடிவாயிற்று. ஊனம் பகுதி, இயலாமை முழுமை.

எருமப்பட்டியை உள்ளிட்ட நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் பல. அங்குக் கைவிரலே முதல். 'ஒரு கணு போயிற்று' என ஒருவர் கூறின், கணு என்பது மூட்டையோ, மூட்டுகளுக்கு இடைப்பட்ட எலும்பையோ என்னும் ஐயம் எழும். சுட்டுவிரலில் ஓரெலும்பு இழப்பின் 9, ஈரெலும்பு இழப்பின் 11 என்பது அட்டவணை. எனவே 'விரலெலும்பு' என்றே எழுதுதல் தக்கது.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இழப்பீடு ஒரு பகுதியாக இடம்பெற்றுள்ளது. சட்டங்கள் மாறினும் இவ்விரு கருத்துகளும் வேண்டப்படுவனவே. உறுப்பின் குறைக்கு ஊனம் என்றும், தொழிலாற்ற மாட்டாமைக்கு இயலாமை என்றும் வரையறுத்து வழங்குதலே முறையெனக் கருதுகின்றோம். சொல் மயங்கின், உழைப்பாளி பெறவேண்டிய பொருளும் குறையும் என்க.