நாட்காட்டியில் இடம்பெறாத நாள்

மலேசியாவின் கடாரத்து (கெடா) ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் லயத்து வீட்டின் நடுச்சுவரில், சாமி படத்துக்குச் சற்றுக் கீழே மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி தொங்குவது அந்நாளைய வழக்கம். மழையில் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை என்பதனால், மழைநாட்களை அதிலே பென்சிலால் வட்டமிட்டு வைப்பார்கள். சம்பள நாளும், கடன் வாங்கிய நாளும், மாரியம்மன் கோயில் திருவிழாவும் அதிலே இடம்பெறும். வீட்டில் மூன்று ஸ்திரீகள் இருந்தாலும், அவர்களுக்கு மாதந்தோறும் வந்துபோகும் நாள் மட்டும் அதில் ஏறியதில்லை.

இத்தனைக்கும், ஒரு பெண் பெரியவளானாள் என்றால் அதைத் தோட்டம் முழுவதும் அறியும். இன்று சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அச்சடித்து, புகைப்படக்காரரை வரவழைத்து நீராட்டு விழா நடத்துகிறார்கள். அந்த விழாவை நான் குறை கூறவில்லை. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்துப் போஷித்த பாட்டிமாரின் அன்பில் குறையேது? ஆனால் முதல் மாதவிடாயை ஊரறிய முழங்கிய சமூகம், அதற்குப் பின்வரும் முப்பத்தைந்து நாற்பது ஆண்டுகளைப் பற்றி, ‘வீட்டுக்குத் தூரம்’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் வாய் திறப்பதில்லை என்பதுதான் விசித்திரம்.

அந்த மௌனத்தின் விளைவை மருத்துவமனை நாற்காலியில் காணலாம். “கடைசியா எப்பம்மா வந்துச்சு?” என்று டாக்டர் கேட்கிறார், பதினெட்டு வயதுப் பெண் தாயின் முகத்தைப் பார்க்கிறாள், தாயோ, “தீபாவளிக்கு முன்னாடி வந்துச்சு போல, டாக்டர்” என்கிறாள். இடையில் நான்கு மாதங்கள் கழிந்திருக்கும். ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள். ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஆறுதல் சொன்னார்கள். கழுத்தின் பின்புறம் பட்டையாகக் கறுத்திருப்பதை அழுக்கென்று கருதி, கடலை மாவும் பீர்க்கங்கூடும் கொண்டு தேய்த்தே தோலைப் புண்ணாக்கிய தாய்மாரும் உண்டு. அது அழுக்கன்று, இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதைத் தேகம் வெளியே காட்டும் அடையாளங்களுள் ஒன்று.

பூப்படைந்த முதலாம் ஆண்டில் நாள் முன்பின்னாக வருவது இயற்கையே. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 45 நாட்கள் வரை இடைவெளி இருக்கலாம். மூன்றாண்டுக்குப் பின் 21 நாளுக்கும் 35 நாளுக்கும் உட்பட்டு வருவதே கிரமம். முதலாண்டு கழிந்தபின் எந்தப் பெண்ணுக்கேனும் 90 நாட்கள் வராமலே போனால், அது டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். நாணப்பட வேண்டிய விஷயமன்று.

இப்படி நாள் தவறக் காரணமாகும், ‘நீர்க்கட்டி’ என்று நம் ஜனங்களும் ‘பிசிஓஎஸ்’ என்று டாக்டர்களும் சொல்லும் கோளாற்றை, 1935-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரு வைத்தியர்கள் ஏழு பெண்களிடம் கண்டு விவரித்தார்கள். பெயர்தான் மயக்கத்துக்கு இடம் தருகிறது. அவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல, வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகளே. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்தன்மைச் சுரப்பின் மிகுதி, ஸ்கேனில் காணும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, இதே குறிகளைக் காட்டும் பிற நோய்கள் இல்லையென்று தெளிந்தால்தான் நோய் என்று கொள்ள வேண்டும் என 2003-இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்தார்கள். ஆகவே ஸ்கேனில் ‘கட்டி’ தெரிந்த ஒன்றைக் கொண்டே பெண் கலங்குவதும், தெரியாததைக் கொண்டு தாய் நிம்மதி கொள்வதும் இரண்டுமே பிழை. வளரிளம் பருவப் பெண்ணுக்கு இந்நோயை நிர்ணயிக்க ஸ்கேன் உதவாது என்றே 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டு நெறி கூறுகிறது.

இந்நோயின் வேர் பெரும்பாலும் இன்சுலினில் இருக்கிறது. தசைகள் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்க்க மறுக்கும்போது கணையம் மேலும் மேலும் அதைச் சுரக்கிறது; அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மைச் சுரப்பைப் பெருக்குகிறது; முட்டை முதிராமல் நிற்கிறது, முகத்தில் பரு வருகிறது, மோவாயில் மயிர் முளைக்கிறது, தலைமயிர் உதிர்கிறது. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் 18.3 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு என்று தெரிந்தபோது, இனவாரியாக முன்னணியில் நின்றவர்கள் இந்தியராகிய நாம்தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வாழ்க்கை முறையும் மாறிவிட்டது. இருட்டு விலகுமுன் பால் கத்தியோடு நிரை நிரையாக நடந்தவள் பாட்டி. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஓரிடத்திலேயே பன்னிரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, கெட்டிப்பால் விட்ட ‘தே தாரிக்’ குடித்துத் தூங்குகிறவள் பேத்தி. பாட்டியின் வாழ்வே ஆரோக்கியமானது என்று நான் புகழ வரவில்லை. பட்டினியைப் புகழ்வது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு.

சிகிச்சை என்றதும் எழும் முதற்சண்டை மாத்திரையைப் பற்றியது. கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று தாய் பதறுகிறாள். முட்டை வெளிப்படாத மாதங்களில் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். பல ஆண்டுகள் அப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் தோன்றும் அபாயம் கூடுகிறது. அந்தச் சுவரைக் காப்பதற்கே அம்மாத்திரை. அதற்கும் பெண்ணின் ஒழுக்கத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. இன்சுலினைச் சீர்ப்படுத்த மெட்ஃபார்மின் கொடுப்பதுண்டு. பருத்த தேகமுடையவர்களுக்கு எடையில் 5 முதல் 10 சதவிகிதம் குறைந்தாலே மாதவிடாய் திரும்புவதுண்டு. மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதனால், ‘இளைத்தால் சரியாகும்’ என்று எல்லோருக்கும் ஒரே உபதேசம் செய்வது தகாது. மலடி என்ற கொடுஞ்சொல்லுக்கும் இங்கே இடமில்லை. பலர் மருந்தின்றியே தாயாகிறார்கள், மற்றவர்களுக்கு முட்டையை முதிரச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மருந்துகள் உள்ளன.

மனச்சோர்வும் இந்நோயோடு கூட வருவதை வீட்டார் பிடிவாதம் என்கிறார்கள். மிகுந்த உதிரப்போக்கினால் வரும் இரத்தசோகையும் நம் கண்ணில் படுவதில்லை. அதே 2019 ஆய்வில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு ஏதோ ஒரு காரணத்தால் இரத்தசோகை இருந்தது.

டாக்டரைப் பார்க்கப் பெருஞ்செலவும் இல்லை: அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். தேவைப்பட்டால் அங்கிருந்து சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

பாடாங் செராய்ப் பக்கம் அக்கா முறையுள்ள ஒருவர் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். தோட்டம் செம்பனையாகிவிட்டது, மழைநாளைக் குறிப்பார் எவருமில்லை. ஆனால் சாமி படத்துக்குக் கீழே தொங்கிய நாட்காட்டியில் சிவப்பு வட்டங்கள் இருந்தன. மகளுக்காக என்றார். “போன மாசம் கிளினிக்குக்குப் போறப்ப ஆணியிலேர்ந்து கழட்டி, சுருட்டிப் பையில வச்சு எடுத்துட்டுப் போயிட்டேன் தம்பி. டாக்டர் அத விரிச்சு வச்சு, விரல் விட்டு எண்ணிப் பாத்தாரு.”