காலையில் பாயும் கார், வழியில் ஏன் இழுக்காமல் போகிறது?

குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வசிக்கும் என் மாமா, தினமும் காரில் செனாயில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். கடந்த ஆண்டு அவர் கார் ஒரு விநோதமான கோளாறு காட்டியது. சிம்பாங் ரெங்கம் வரை நன்றாக ஓடும். நெடுஞ்சாலையில் ஏறி அரை மணி நேரம் ஆனதும், எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது. லோரிகள் பின்னால் ஹார்ன் அடிக்கும். ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் கழித்து எடுத்தால் மறுபடியும் சரியாக ஓடும்.

பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே எந்தக் கோளாறும் தெரியாது. ஒருமுறை பிளக் மாற்றினார்கள், அடுத்த முறை காயில், பிறகு திராட்டல் சுத்தம். பணம் போனதுதான் மிச்சம். விட்டு விட்டு வரும் கோளாறின் தொல்லையே இதுதான். மெக்கானிக் முன்னால் அது வராது. அதனால் ஓட்டுகிறவர்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

எஞ்சினுக்கு மூன்று தேவை: காற்று, எரிபொருள், சரியான நேரத்தில் தீப்பொறி. எரிந்த புகை வெளியேறவும் வழி வேண்டும். இவற்றில் எது தடைபடுகிறது என்பதை, கோளாறு எப்போது, எப்படி வருகிறது என்பதே பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும்.

கார் குலுங்கி, துடித்துச் சக்தி குறைந்தால் பெரும்பாலும் தீப்பொறிப் பக்கம் பார்க்க வேண்டும். சூடானதும் மக்கர் செய்யும் காயில்கள் உண்டு. அப்போது டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மின்னினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

குலுங்காமல், மூச்சு முட்டுவதுபோல் சக்தி இறங்கினால், அதுவும் மேட்டிலும் வேகத்திலும் மட்டும் என்றால், எரிபொருள் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். பில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். பல கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. அதைக் குளிர வைப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் கால் டேங்க்குக்குக் கீழேயே ஓட்டினால் பம்ப் சீக்கிரம் சூடேறும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் முழுதாக நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சாரையும் சோதிக்கச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் இழுவை குறைந்துகொண்டே வந்தால் புகைக்குழாய் அடைப்பாக இருக்கலாம். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கோளாறு எஞ்சினில் இல்லாமல், கிளட்ச் அல்லது கியர்பாக்ஸில் இருக்கலாம். ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதா? பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது.

2023 மார்ச் வெள்ளத்தில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் நீரில் நின்ற கார்களை வைத்திருப்போர், அல்லது அப்படிப்பட்ட காரைப் பழைய விலைக்கு வாங்கியோர், வயர் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். நீர் புகுந்த இணைப்பில் பச்சைத் துரு மெல்லப் படரும். கார் அதிரும்போது மட்டும் மின்சாரம் விட்டுவிட்டு வரும்.

ஆகவே காரில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வையுங்கள். கோளாறு வந்த நேரம், எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, மேடா சமதரையா, டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல், ஏர்கான் போட்டிருந்ததா, மழையா வெயிலா, எந்த விளக்கு எரிந்தது என்று நிறுத்திய பிறகு எழுதுங்கள். ஐந்தாறு முறை எழுதினாலே ஓர் ஒழுங்கு தெரியும்.

பட்டறையில் முதலில் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். ஆனால் அதில் வரும் எண், எந்தப் பக்கம் தேடுவது என்றுதான் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது. முதல் சிலிண்டரில் கோளாறு என்று காட்டினால், அதன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டிப் பார்க்கலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் புதுக் காயில் வாங்கும் செலவு மிச்சம். அதேபோல், பம்ப்பை மாற்றும் முன் கோளாறு வரும் நேரத்தில் எரிபொருள் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள்.

மாமாவும் அப்படித்தான் எழுதி வைத்தார். எல்லா முறையும் அரை மணி ஓடிய பிறகு, டேங்க் காலியாகும் நிலையில். வேறொரு மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, அழுத்தமானியை மாட்டி நெடுஞ்சாலை வரை ஓட்டிப் பார்த்தார். சூடேறியதும் முள் இறங்கியது. பம்ப்பை மாற்றியபின் தொல்லை இல்லை.

கோளாறு தீரும் வரை ஒருவழித்தடச் சாலையில் செம்பனை லோரியை முந்தாதீர்கள். பாதி வழியில் இழுவை போனால் எதிரே வரும் வண்டிக்கு வழி இருக்காது. நெடுஞ்சாலையில் சக்தி குறைந்தால் அபாய விளக்கைப் போட்டு இடதுபுற அவசரத் தடத்துக்கு ஒதுங்குங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கும் கடினமாகும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதியுங்கள். நின்றதும் பிள்ளைகளோடு இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நின்று உதவிக்கு அழையுங்கள். காரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.