மெழுகுவர்த்திப் புகை
1860 டிசம்பரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டே புத்தகமாயின. பேசுபொருள், வெறும் மெழுகுவர்த்தி. ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பிள்ளைகளுக்கான அறிவியல் நூல் தகவல்களைக் கொட்டுவதைவிட, இப்படி வீட்டிலுள்ள பொருளைக் கேள்வியாக்குவதே மேல். அதற்குத்தான் காணொளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கிவிடும். நிறுத்தி வைக்கலாம்தான், யார் நிறுத்துகிறார்கள்? புத்தகத்தில் படிப்பவர், செய்து பார்த்தால்தான் சுடர் தாவுவதைக் காண முடியும். அடுத்த மின்வெட்டில், மெழுகுவர்த்தியை அணைக்கும்முன் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். தீக்குச்சி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.