நாலாவதுக்கு மேல் ஒரு கியர்

விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஏதாவதொரு டீக்கடை வாசலில், ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். சிவகாசியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை ஏற்றி வந்த லாரி ஒன்று டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறது. முதலில் கனத்த உறுமல். ஓசை மெல்ல மெல்ல ஏறுகிறது. ஒரு கணம் நிற்கிறது. மறுபடி தாழ்ந்த குரலில் தொடங்கி ஏறுகிறது. இப்படி நாலைந்து முறை. பிறகு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரே சீரான ரீங்காரம். வண்டி கடைசி கியருக்குப் போய்விட்டது என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

இப்போது ஒரு பழைய கார் வருகிறது. லாரியை விட வேகமாகத்தான் போகிறது. ஆனால் அதன் ஓசை சீராக இருந்தாலும் கீச்சென்று இருக்கிறது. யாரோ பின்னாலிருந்து விரட்டுவது போல. அதுவும் கடைசி கியரில்தான் ஓடுகிறது. பிறகு ஏன் இந்த ஓலம்?

அந்தக் கார் உங்கள் பெரியப்பாவுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கான்டெஸா. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் வாக்ஸால் கார் ஒன்றின் அச்சுகளை வாங்கி வந்து, 1984-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கார் அது. நீண்ட மூக்கும் அகன்ற தோளும் கொண்ட அதன் உருவத்தைப் பார்த்து, 'இந்தியாவின் மசில் கார்' என்று அதை இன்றும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. உருவத்தில்தான் அந்தத் தசைபலம்! முதலில் வந்த கான்டெஸாக்களில் இருந்தது அம்பாசடரின் 1489 கன செ.மீ. எஞ்சின்தான், ஏறத்தாழ 50 குதிரைத்திறன், நான்கு கியர். சில ஆண்டுகள் கழித்து ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினும் அதனுடன் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. 2002-இல் கான்டெஸா தயாரிப்பு நின்றுபோயிற்று.

பெரியப்பாவிடம் இருப்பது பழைய நாலு கியர் வண்டி. நான்குவழிச் சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போனால் காது அடைக்கிறது, பெட்ரோலும் கரைகிறது. ஐந்து கியர் பெட்டி ஒன்றை மாற்றிப் போடலாமா என்று யோசிக்கிறார். எந்தப் பெட்டி? தவறாக வாங்கினால் பெரும் பணம் போய்விடும். "நீதான் இயற்பியல் படிக்கிறாயே, சொல்" என்கிறார். என்ன சொல்வீர்கள்?

முதலில் உங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். மிதிகட்டையோடு சேர்ந்த பெரிய சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். பின் சக்கரத்தின் சின்னப் பல்சக்கரத்தையும் எண்ணுங்கள். முன்னே 44, பின்னே 18 என்றால், மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். நம் கால் வலுவானது, ஆனால் மெதுவாகத்தான் இயங்கும். ஆகவே வலுவைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்கிறோம். மோட்டார் எஞ்சின் இதற்கு நேர் எதிர். அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். ஆனால் அதன் முறுக்குவிசை சொற்பம். ஆகவே அங்கே சுற்றைக் கொடுத்து வலுவை வாங்கவேண்டும். இந்தப் பண்டமாற்றுக்கடைதான் கியர் பாக்ஸ்.

அதற்குள் என்ன நடக்கிறது? எஞ்சினிலிருந்து கிளட்ச் வழியாக வரும் தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம். அது கீழே இருக்கும் துணைத் தண்டைச் சுழற்றுகிறது. துணைத் தண்டின் மேலுள்ள சிறிய சக்கரங்கள், மேலே பிரதான தண்டில் உள்ள பெரிய சக்கரங்களைச் சுழற்றுகின்றன. சிறியது பெரியதைச் சுழற்றினால் வேகம் குறையும், முறுக்கு கூடும். முதல் கியரில் எஞ்சின் மூன்றரைச் சுற்று சுற்றினால் வெளியே ஒரு சுற்று வரும் என்பது போன்ற கணக்கு. கியர் ஏற ஏற இந்த விகிதம் குறையும். நாலாவதில் ஒரு வேடிக்கை: உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்கின்றன. துணைத் தண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு ஒன்று, இதை நேரடி கியர் என்பார்கள். பல்லோடு பல் உரசி வீணாகும் ஆற்றல் இதில் மிகக் குறைவு.

ஐந்தாவது கியர் என்பது அதற்கும் மேலே ஒரு படி. துணைத் தண்டில் பெரிய சக்கரம், பிரதான தண்டில் சிறிய சக்கரம் என்று தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் சைக்கிளைப் போலவே! எஞ்சின் 85 சுற்று சுற்றினால் வெளியே 100 சுற்று வரும். இதன் விகிதம் 0.85. எஞ்சினை விட வேகமாக வெளித்தண்டு ஓடுவதால் இதற்கு ஓவர்டிரைவ் என்று பெயர். கியர் பெட்டிக்குப் பின்னால் தனியே ஒரு சிறு பெட்டியாக இதைப் பொருத்தும் முறையும் உண்டு. இங்கிலாந்தில் எட்கர் டி நார்மன்வில் என்பவர் அமைத்த அத்தகைய பெட்டி 1948-இல் ஸ்டாண்டர்டு வான்கார்டு காரில் வந்தது. நடுவே ஒரு சூரியச் சக்கரம், சுற்றிலும் கோள் சக்கரங்கள் என்று அது ஒரு குட்டிச் சூரிய மண்டலம். வான்கார்டு கார்கள் 1950-களில் நம் சென்னையிலும் கட்டப்பட்டன.

சரி, கணக்குக்கு வருவோம். பெரியப்பாவின் வண்டிச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.875 மீட்டர் உருளுகிறது என்று கொள்வோம். 90 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1500 மீட்டர். வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 800 சுற்று. பின் அச்சில் கிரௌன்-பினியன் என்று ஒரு ஜோடிச் சக்கரம் உண்டு. அதன் விகிதம் 4 என்றால், நேரடி கியரில் எஞ்சின் 3200 சுற்று சுற்றவேண்டும். 0.85 ஓவர்டிரைவில் 2720 போதும். நிமிடத்துக்கு 480 சுற்று மிச்சம். 90 கி.மீ. வேகத்தில் அரைமணி நேரம் ஓடினாலே 14,400 சுற்றுகள் மிச்சமாகும். பிஸ்டனும் பேரிங்குகளும் அத்தனை முறை தேயாமல் தப்பின.

சுற்று 15 சதவீதம் குறைந்ததால் பெட்ரோலும் 15 சதவீதம் மிச்சம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு 90 கி.மீ. வேகத்தில் போக இந்த அளவுக் காருக்கு ஏறத்தாழ 13 கிலோவாட், அதாவது 18 குதிரைத்திறன் வேண்டும். எந்தக் கியரில் போனாலும் அது வேண்டும். பிறகு மிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒன்று, உராய்வு. மற்றொன்று கொஞ்சம் நுட்பமானது. பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தகட்டுக் கதவு உண்டு. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் கதவு சிறிதே திறக்கும். பிஸ்டன் அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கத் திணறுகிறது. மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள், புரியும்! குறைந்த சுற்றில் அதே திறனைத் தரவேண்டுமானால் கதவை அகலத் திறக்கவேண்டும். மூச்சுத் திணறல் குறைகிறது. மிச்சமாகும் பெட்ரோல் இந்த இரண்டு வழியாலும் வருவதுதான்.

அப்படியானால் 0.85 எதற்கு? 0.64 விகிதம் உள்ள பெட்டியை வாங்கினால் சுற்று 2048-க்கே வந்துவிடுமே! இங்கேதான் பெரியப்பா ஏமாறக்கூடும்.

அந்த 0.64 கற்பனை எண் அல்ல. அமெரிக்காவில் 1964-இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. காரை எடுத்துக்கொள்ளுங்கள். 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர். மசில் கார் யுகம் அதிலிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அதன் நாலு கியர் பெட்டியிலும் கடைசி கியர் ஒன்றுக்கு ஒன்றுதான். பெட்ரோல் தண்ணீர் போலக் கிடைத்த காலம், யார் கவலைப்பட்டார்கள்? 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பே போட்டார்கள். பிற்காலத்தில் அந்தப் பழைய கார்களைப் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் ஐந்து கியர் பெட்டிகளை மாற்றிப் போடத் தொடங்கினார்கள். அவர்களுக்காக ட்ரெமெக் நிறுவனம் விற்றுவந்த டி.கே.ஓ. 600 என்ற பெட்டி, ஐந்தாவது கியரில் 0.64 என்றும் 0.82 என்றும் இரண்டு வகையாகக் கிடைத்தது. எதை வாங்குவது என்று அங்கேயும் இதே தலைவலிதான்.

இனி நம் வண்டிக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். 1489 கன செ.மீ. எஞ்சின் முழுதாக மிதித்தால் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் என்று கொள்வோம். திறன் என்பது முறுக்குவிசையைக் கோண வேகத்தால் பெருக்குவது. 3200 சுற்றில் அதிகபட்சம் 33.5 கிலோவாட் கிடைக்கும். 2720 சுற்றில் 28.5. 2048 சுற்றில் 21.4 மட்டுமே. சமதளத்தில் 13.2 போய்விடுகிறது. மீதி கையிருப்பு முறையே 20.3, 15.3, 8.2 கிலோவாட். கியர் பெட்டியில் போகும் சிறு இழப்பை விட்டுவிடுவோம்.

நம் கரிசல் பூமி தட்டையானதுதான். ஆனாலும் மேம்பாலம் உண்டல்லவா? சமவெளிச் சாலைகளில் வழக்கமான ஏற்றம் 30 மீட்டருக்கு 1 மீட்டர். ஆட்களுடன் 1300 கிலோ எடையுள்ள கார் அதில் வேகம் குறையாமல் ஏற, கூடுதலாக 10.6 கிலோவாட் தேவை. 0.85 பெட்டியில் கையிருப்பு 15.3, ஏறிவிடும். 0.64-இல் கையிருப்பு 8.2, முழுக்க மிதித்தாலும் வேகம் சரியும். ஒவ்வொரு பாலத்துக்கும் நாலாவதுக்கு இறங்கவேண்டும். ஐந்தாவதிலேயே பிடிவாதமாக மிதித்தால் எஞ்சின் 'டக டக' என்று தட்டும். குறைந்த சுற்றில் சிலிண்டருக்குள் கலவை ஒழுங்காக எரிவதற்குப் பதில் ஆங்காங்கே தானாக வெடிப்பதன் ஓசை அது. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சீராக எரிவதற்கும் படாரென்று வெடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லவேண்டியதில்லை. இந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டனே ஓட்டையாகும்.

ஜி.டி.ஓ.வுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? அந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் 2000 சுற்றிலேயே 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரும். ஆகவே 0.64 அதற்குச் சுகம். நம் எஞ்சினுக்கு அது அண்ணனின் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட கதை.

காற்றையும் மறக்கக்கூடாது. பெரியப்பா ஆடி மாதம் கன்னியாகுமரிக்குப் போகிறார். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வீணாகவா நிற்கின்றன? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று முகத்தில் அறையும். 90-இல் போகும் வண்டிமேல் 30 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், காற்றைப் பொறுத்த வேகம் 120. காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக உயருவதால், அது ஒன்றே முக்கால் மடங்கைத் தாண்டிவிடுகிறது. அங்கே ஓவர்டிரைவை மறந்துவிட்டு நாலாவதில் போவதுதான் வண்டிக்கு நல்லது.

"கியர் பெட்டியை ஏன் தொடவேண்டும்? கிரௌன்-பினியனை மாற்றினால் போதுமே" என்று ஒரு மெக்கானிக் சொல்வார். 4 விகிதத்துக்குப் பதில் 3.4 போட்டால் நாலாவது கியரிலேயே 2720 சுற்று வந்துவிடும்; அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது எல்லாக் கியரையும் மாற்றிவிடுகிறது. முதல் கியரிலும் 15 சதவீத இழுவை போயிற்று. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாகச் செங்கோட்டை மலைப்பாதையில் நிறுத்தி எடுத்தால் கிளட்ச் பிளேட் கருகும். எனக்கு ஐந்தாவது கியரே மேலாகப் படுகிறது: வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம், வேண்டாதபோது அது பாட்டுக்கு இருக்கும்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை முடியாது. கியர்த் தடி தரையில் பழைய துளை வழியாகவே வருமா? கிளட்ச் பிளேட்டின் நடுப்பற்கள் புதிய தண்டோடு சேருமா? புதுப் பெட்டி நீளமாக இருந்தால் பின்னால் போகும் நீண்ட தண்டை வெட்டிக் குறைத்து, மறுபடி சமநிலை பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டி முழுதும் அதிரும். ஸ்பீடாமீட்டரைச் சுழற்றும் சின்னச் சக்கரமும் மாறினால் 90-ஐ 80 என்று காட்டும். எஞ்சினையே மாற்றுவதானால் பதிவுச் சான்றிதழில் அதன் எண் இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பு, நாம் 4 என்று கொண்ட பின் அச்சு விகிதம் மெய்யாகவே 4 தானா என்று தெரிந்தாகவேண்டும். இதை நீங்களே அளக்கலாம். சமதரையில், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பெரியப்பாவைப் பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. அடியில் உறுதியான தாங்கி வைக்கவேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக்கை விடுவித்துவிடுங்கள். சக்கரத்திலும் நீண்ட தண்டிலும் சாக்கட்டியால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், டிஃபரன்ஷியலின் வேலையால், இந்த இரண்டு சுற்று உள்ளே ஒரு சுற்றுக்குச் சமம். அதற்குள் தண்டு எத்தனை சுற்று சுற்றியது என்று பெரியப்பா எண்ணட்டும். நாலரை வந்தால், 90 கி.மீ. வேகத்தில் நாலாவது கியரில் எஞ்சின் 3200 அல்ல, 3600 சுற்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்போது 0.85 பெட்டி போட்டாலும் 3060 சுற்று நிற்கும்; 2700-க்கு இறக்க 0.75 உள்ள பெட்டியைத்தான் தேடவேண்டும்.