கடைசிப் பத்து இரவுகளில் கடைவீதியில் நாம்



ரமழானின் இருபதாவது நோன்பு கழிந்துவிட்டால் தெல்தெனிய, திகன பக்கமிருந்து கண்டிக்குப் போகும் பஸ்களிலும் வேன்களிலும் இடம் கிடைப்பதில்லை. கண்டியில் கொழும்பு வீதியும் யட்டிநுவர வீதியும் நிரம்பி வழியும். தாய்மார் கைக்குழந்தைகளுடன் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். இஃப்தார் பஸ்ஸுக்குள் ஒரு பேரீச்சம் பழத்துடன் முடியும். தராவீஹ் தவறிப் போகும். ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவைத் தேடச் சொன்ன நாட்களில் நாம் அளவு சரியான சப்பாத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

இதை எழுதுகிறவன் ஆலிம் அல்ல, ஒரு வியாபாரி. அந்த இரவுகளில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவன். "உங்கள் பிழைப்பில் நீங்களே மண் போடுவதா?" என்று சக வியாபாரிகள் கேட்கலாம். அதற்கான பதிலைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

தையற்காரர் வைத்த தவணை

எங்கள் வாப்பாமார் காலத்தில் பெருநாள் உடுப்பு என்றால் துணி வெட்டித் தைப்பதுதான். ஒரே துணியில் மூன்று பிள்ளைகளுக்குச் சட்டை தைத்த குடும்பங்கள் எத்தனையோ. நோன்பு பாதி ஆனதும் தையற்காரர் "இனி ஓடர் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவார். அதற்குள் துணி வாங்கி, அளவு கொடுத்து, முற்பணமும் கட்டியாக வேண்டும். அவர் வைத்த அந்தத் தவணை நமக்கு இரண்டு நன்மைகளைச் செய்தது. செலவு முன்கூட்டியே முடிந்தது. கடைசிப் பத்து இபாதத்துக்கு மிஞ்சியது.

ரெடிமேட் உடுப்பு வந்தது நல்லதுதான். நேரம் மிச்சம், வகையும் அதிகம். ஆனால் அது வந்தபின் தவணை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. பெருநாளுக்கு முதல் நாள் இரவு பன்னிரண்டு மணிக்கும் வாங்கலாம் என்றானதும், எல்லோரும் அந்த இரவுக்கே ஒத்திப் போடத் தொடங்கினோம்.

கடைசி இரவில் வாங்குபவருக்கு என்ன நடக்கிறது என்பதைக் கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். சீசன் சாமான்களை நாம் புறக்கோட்டையிலிருந்து ஷஃபான் மாதத்திலேயே இறக்கிவிடுவோம். கூடுதலாக விலைபோகும் அளவுகள் முதலில் தீரும். நடுத்தர விலைச் சாமானும் முதலில் தீரும். கடைசியில் மிஞ்சுவது ஒன்றில் விலை கூடியது, அல்லது பிறர் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனது. அந்த நேரத்தில் பேரம் பேச எங்களுக்கும் நேரமில்லை, உங்களுக்கும் பொறுமையில்லை. பிள்ளை அழுகிறது, கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் 3,000 ரூபாவுக்கு நினைத்து வந்தவர் 5,500 ரூபாவுக்கு வாங்கிக்கொண்டு போவார். "50 வீதக் கழிவு" என்ற அட்டையைப் பார்க்கும்போது, கழிவுக்கு முந்திய விலையை எழுதியவரும் அதே கடைக்காரர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடன் கொப்பியின் கதை

இப்போது சக வியாபாரிகளுக்கான பதிலுக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு ஆட்டோ ஓட்டுநர் மனைவி பிள்ளைகளுடன் வந்தார். நான்கு பிள்ளைகளுக்கும் எடுத்தார்கள். கணக்கு 18,000 ரூபா சொச்சம் வந்தது. கையில் 5,000தான் இருந்தது. "நானா, மிச்சத்தைப் பெருநாள் கழிச்சித் தாறேன்" என்றார். தயங்காமல் கொப்பியில் எழுதினேன்.

பெருநாள் கழிந்தது. ஒரு மாதம் கழிந்தது. கடைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்துபவர் அடுத்த சந்தியில் நிறுத்தத் தொடங்கினார். ஜும்ஆவுக்கு என் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர் வேறு பள்ளிக்குப் போகத் தொடங்கினார். காசைவிட அதுதான் என் மனதைச் சுட்டது. நானே தேடிப் போய், "காசு வாற நேரம் வரட்டும், ஸலாம் சொல்றத நிப்பாட்டாதீங்க" என்றேன். கண் கலங்கிவிட்டார். சிறுகச் சிறுகக் கட்டி முடிக்க அடுத்த பெருநாளும் வந்துவிட்டது.

அவருக்கு உதவி செய்ததாகத்தான் அன்று நினைத்தேன். பின்னர் யோசித்துப் பார்த்தால், மிஞ்சிக் கிடந்த சரக்கை அவர் தலையில் கட்டியிருக்கிறேன். "இதில் இரண்டு போதும், மற்றதை விடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். கடனுக்கு 20,000 ரூபாவுக்கு விற்பதைவிடக் கைக்காசுக்கு 10,000 ரூபாவுக்கு விற்பது கடைக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது. கடன்பட்டவர் திரும்ப வரமாட்டார், காசு கொடுத்து வாங்கியவர் திரும்ப வருவார். என் பிழைப்பில் நான் மண் போடவில்லை.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் பாதுகாப்புத் தேடியதும், கடன் ஒரு மனிதனைப் பொய் சொல்லவும் வாக்கு மீறவும் வைக்கிறது என்று அதற்குக் காரணம் கூறியதும் நமக்குத் தெரிந்த செய்தி. அது எவ்வளவு உண்மை என்பதை நான் என் கடன் கொப்பியில் கண்டேன்.

ஐந்து பெருநாட்கள் தந்த படிப்பினை

நம் பிரதேசத்தவருக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2018 மார்ச் ஆரம்பத்தில் தெல்தெனியவிலும் திகனயிலும் தொடங்கிக் கண்டி மாவட்டத்தின் பல ஊர்களுக்குப் பரவிய வன்செயலில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சித்திரைப் புத்தாண்டுக்கும் பெருநாளுக்கும் பின் திகதியிட்ட காசோலை கொடுத்துச் சரக்கு இறக்கும் வழக்கம் நம் வியாபாரிகளிடம் உண்டு. அப்படி இறக்கியவருக்குச் சரக்கு எரிந்தாலும் காசோலையின் திகதி எரிவதில்லை. சொந்தக் காசுக்கு அளவாக இறக்கியவர் எழும்பி நிற்பது இலகு.

2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்திய ஜூன் மாதப் பெருநாள் பயத்தோடும் வியாபாரப் பகிஷ்கரிப்போடும் கழிந்தது. 2020 மே 24ஆம் திகதிப் பெருநாளை ஊரடங்குச் சட்டத்துக்குள் வீட்டிலேயே தொழுது கொண்டாடினோம். 2021 மே 14ஆம் திகதிப் பெருநாளிலும் நாடு தழுவிய பயணக் கட்டுப்பாடு. 2022 மே 3ஆம் திகதிப் பெருநாள் வந்தபோது, ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்திருந்தது. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போயிருந்தது.

2020இல் புத்தாடை வாங்க முடியாமல் பழைய உடுப்பைக் கழுவி அயன் பண்ணிப் போட்டுக்கொண்ட வீடுகளிலும் தக்பீர் முழங்கியது, வட்டிலப்பம் அவிந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். கடை இல்லாமலும் பெருநாள் வரும் என்று கண்ணால் கண்டவர்கள் நாம். வழமை திரும்பியதும் அந்தப் படிப்பினையை மறந்துவிட்டோம்.

விலை குறையவில்லை

"பணவீக்கம் குறைந்துவிட்டதாமே" என்று சிலர் கேட்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கியதை ஏறத்தாழ 170 ரூபாவுக்கு வாங்கினோம். பின்னர் பணவீக்கம் குறைந்தது என்றால், விலை அதன்மேல் ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். 170 மீண்டும் 100 ஆகிவிடவில்லை. பெறுமதி சேர் வரியும் 2019 டிசம்பரில் 8 வீதமாக இருந்து, 2022இல் முதலில் 12, பிறகு 15, 2024 ஜனவரி முதல் 18 வீதம் என்று ஏறியது. ஆகவே 2019இன் விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்கு வருபவர் திட்டமிடாமல் வருபவரே.

இந்த இடைவெளியை நிரப்பக் கடன் அட்டையும் தவணைக் கொடுப்பனவும் நகை அடகும் வந்து நிற்கின்றன. கணக்கைப் பாருங்கள். 60,000 ரூபாவுக்கு அட்டையில் வாங்கி, மாதம் 2 வீத வட்டியில், மாதாமாதம் 3,000 ரூபா கட்டினால் அடைக்க ஏறத்தாழ 26 மாதங்கள் ஆகும். கட்டும் தொகை 77,000 ரூபாவைத் தாண்டும். அதற்குள் இன்னும் இரண்டு நோன்புப் பெருநாட்கள் வந்துவிடும்! 2022இல் கடன் அட்டை வட்டி வருடத்துக்கு 30 வீதத்தையும் தாண்டியது. பெருநாள் உடுப்பின் நிறம் மங்கிய பிறகும் வட்டி மங்குவதில்லை. வட்டி ஹராம் என்று மிம்பரில் கேட்டுவிட்டு, பெருநாளின் பெயரால் அதற்குள் இறங்குவது எந்த நியாயம்?

சந்திர மாதமும் சம்பள மாதமும்

நாம் கவனிக்காத ஒரு விடயமும் உண்டு. சம்பளம் ஆங்கில மாதத்தில் வருகிறது, பெருநாள் பிறையில் வருகிறது. பிறை வருடத்துக்கு ஏறத்தாழ 354 நாட்கள்தான். ஆகவே ஒவ்வொரு வருடமும் பெருநாள் சுமார் 11 நாட்கள் முந்தி வருகிறது. 2023இல் ஏப்ரல் 22இல் வந்தது 2024இல் ஏப்ரல் 10இல் வந்தது. இப்படியே போனால் கணக்கின்படி 2033ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு நோன்புப் பெருநாட்கள் வரும். "போன வருடம் இந்த மாதத்தில் தானே" என்று இருந்தால் பெருநாள் நம்மை முந்திக்கொள்ளும்.

அதோடு நோன்புப் பெருநாளிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எழுபது நாட்கள் கூட இல்லை. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து அடுத்த நோன்புப் பெருநாள் வரை சுமார் 285 நாட்கள் இருக்கின்றன. அதுதான் சேமிக்கும் காலம். நாளொன்றுக்கு 200 ரூபா ஒதுக்கினால் 57,000 ரூபா சேரும். 100 ரூபா ஒதுக்கினால் 28,500. எது முடியுமோ அதுதான் உங்கள் பெருநாள். அதற்கு மேல் போவது அடுத்தவருடைய பெருநாள்.

செய்யக்கூடியவை

முதலாவது, ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதுங்கள். முதல் வரியில் கொடுக்க வேண்டியவை: பழைய கடன், ஸகாத், ஸதகத்துல் ஃபித்ர். ஃபித்ரா ஒருவருக்கு ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ இரண்டரை கிலோ அரிசிதான். ஆனால் ஆறு பேருள்ள வீட்டில் அது பதினைந்து கிலோ என்பதைக் கடைசி இரவில்தான் நினைக்கிறோம். இரண்டாவது வரியில் உணவு. மூன்றாவதில் பிள்ளைகளின் உடுப்பு. நான்காவதில் மற்றவை. திரைச்சீலையும் கதிரை உறையும் நான்காவது வரிக்குரியவை. நாம் அவற்றை முதல் வரியில் வைப்பதால்தான் கஷ்டம்.

இரண்டாவது, ஷஃபான் மாதத்திலேயே வாங்கி முடியுங்கள். அப்போது கடையில் சனமில்லை, நாங்கள் விலை பேசவும் தயார், அளவு பிழைத்தால் மாற்றித் தரவும் தயார்.

மூன்றாவது, சகோதரிகள் பிடிக்கும் சீட்டு நல்ல பழக்கம். ஆனால் ஷஃபானில் ஒருவருக்குத்தானே அது விழும்? அதற்குப் பதிலாக பத்துப் பேர் சேர்ந்து ஒரு பெருநாள் உண்டியல் வைத்து, மாதாமாதம் போட்டு, ஷஃபானில் எல்லோரும் தத்தமது பங்கை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சதத்தையும் எழுதி, இருவரைச் சாட்சி வையுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நான்காவது, சக வியாபாரிகளுக்கு. கொப்பியில் எழுதும் முன் "இவரால் கட்ட முடியுமா?" என்று ஒரு முறை யோசியுங்கள். எழுதிய பிறகு அவர் கஷ்டப்பட்டால் அவகாசம் கொடுங்கள். 2:280ஆம் வசனம் நம்மிடம் அதைத்தான் கேட்கிறது.

இஸ்லாம் கஞ்சத்தனத்தைச் சொல்லவில்லை. வீண்விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில் நிற்பவர்களையே 25:67ஆம் வசனம் புகழ்கிறது. பிள்ளைக்குப் புத்தாடை வாங்கிக் கொடுங்கள், பெருநாள் காசும் கொடுங்கள். ஆனால் ஷவ்வால் மாதத்தில் பக்கத்துக் கடைக்காரனுக்கு முகம் கொடுத்து ஸலாம் சொல்லக்கூடிய அளவில் வாங்குங்கள். அடுத்த ரமழானின் கடைசிப் பத்தில் உங்களை என் கடையில் காணாமல் பள்ளிவாசலில் காண வேண்டும் என்பதே என் ஆசை. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் கடனில்லாத பெருநாட்களைத் தந்தருள்வானாக. ஆமீன்.