ஏர் கன் எடுத்துட்டு ஏரிக்கரைக்குப் போகலாமா? மீஞ்சூர் பக்கம் வேட்டைக்கு ‘பொது நிலம்’ இருக்கா? வரைபடத்தில் பார்ப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் ஏரிகள் நிரம்பிக் கிடக்கும். கொக்கு, மடையான், நாரை என்று கரையெல்லாம் பறவைகள். பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகளும் வந்துவிடும். அதே நேரத்தில் இன்னொரு கூட்டமும் கிளம்பும். கையில் ஏர் கன், உண்டிவில், கண்ணி வலை. "இது புறம்போக்குதானே, யார் கேட்கப் போறாங்க?" என்பதுதான் இவர்கள் எல்லோரும் சொல்லும் சமாதானம்.

அமெரிக்காவில் அரசே வேட்டைக்கு நிலம் ஒதுக்கி, மேப் போட்டுக் கொடுக்கிறதே, இங்கே அப்படி ஏதாவது இருக்கிறதா? பதில் ஒரே வரிதான்: இல்லை. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியாவிலேயே பொழுதுபோக்கு வேட்டைக்கு என்று பொது நிலம் கிடையாது. ஆனால், எந்த நிலம் எது என்று வரைபடத்தில் பார்க்கத் தெரிந்திருப்பது அவசியம். ஏன் என்று பார்ப்போம்.

பொது வேட்டை நிலம் என்றால் என்ன?

உதாரணத்துக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். அங்கே ‘வனவிலங்கு மேலாண்மைப் பகுதி’ என்ற பெயரில் பல இடங்களில் பொதுமக்கள் வேட்டையாட அனுமதி உண்டு. மாநில வனவிலங்கு ஆணையம் ஒவ்வொரு பகுதிக்கும் வரைபடத்தோடு கையேடு வெளியிடுகிறது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த விலங்கு, எந்த ஆயுதம், எந்த அனுமதிச் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்காமல் உள்ளே போனால் அங்கேயும் குற்றம்தான்.

அந்த ஃபுளோரிடாவுக்கே தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள். அங்குள்ள சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, 2017-ல் செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டனர். ஒரு வாரத்துக்குச் சற்று கூடுதலான நாட்களிலேயே 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அங்கே அவர்கள் பிடித்தது அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத, ஒழிக்க வேண்டிய பாம்பு என்று அரசு அறிவித்த உயிரினம். இங்கே இருளர்களின் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுப்பதற்காகப் பாம்பு பிடிப்பதும் அரசு அனுமதியோடுதான். தோலுக்காகப் பாம்பு பிடித்த தொழில் சட்டத்தால் நின்றுபோன பிறகு, 1978-ல் தொடங்கப்பட்ட சங்கம் அது.

நம்ம ஊரில் எப்போதுமே தடைதானா?

இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் காடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, லைசென்ஸ் கொடுத்து வேட்டையாட விட்டார்கள். நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்த 1879-லேயே தனிச் சட்டம் வந்தது.

அதற்கும் முன்பே தடை கேட்டவர்கள் நம் கிராமத்து மக்கள்தான். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைப் பார்த்துக் கொதித்துப்போன ஊர்மக்கள், அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் எழுத்துபூர்வ உரிமையை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் உருவாகும் வரை பொன்னேரி வட்டாரமும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது.

நாடு முழுக்க வந்தது 1972-ன் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். அப்போதும் சில விலங்குகளுக்கு லைசென்ஸ் வேட்டை இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் மூடியது. 2022-ல் நிறைவேறிய திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைந்தன. விலங்குகளும் பறவைகளும் முதல் இரண்டு அட்டவணைகளில் வருகின்றன. அந்த இரண்டில் எதில் இருந்தாலும் வேட்டைக்குத் தடை.

சுட்டால்தான் வேட்டையா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டப்படி கீழே உள்ள எல்லாமே வேட்டைதான்:

• சுடுவது, கொல்வது, விஷம் வைப்பது
• கண்ணி, வலை, பொறி வைத்துப் பிடிப்பது
• இரை போட்டு வரவழைப்பது, விரட்டிப் பிடிப்பது
• பறவையின் முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது
• மேலே சொன்ன எதையாவது செய்ய முயற்சிப்பது

அதாவது, குறி தப்பினாலும் குற்றம் தப்பாது. "ஏர் கன்னுக்கு லைசென்ஸே வேண்டாமே" என்று சிலர் கேட்கலாம். குறைந்த திறன் கொண்ட ஏர் கன்னை வைத்திருக்க ஆயுத லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அது துப்பாக்கியைப் பற்றிய விதி. அதை வைத்து மடையானைச் சுடுவது வேறு சட்டத்தில் வரும் வேறு குற்றம்.

தண்டனை எவ்வளவு?

பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடும்பு போன்ற முதல் அட்டவணை உயிரினம் என்றாலோ, வேட்டை நடந்த இடம் சரணாலயம் என்றாலோ கணக்கு மாறும். குறைந்தபட்சமே 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பைக், துப்பாக்கி, வலை எல்லாம் பறிமுதல் ஆகலாம்.

ஆக, நிற்கும் இடம் சரணாலயத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் பல வருடச் சிறை அடங்கியிருக்கிறது. எல்லைக்கு வெளியே சுட்டால் சும்மா விட்டுவிடுவார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வெளியேயும் குற்றம், உள்ளே பெரிய குற்றம். அவ்வளவுதான் வித்தியாசம்.

புறம்போக்கு, சொந்தப் பட்டா எல்லாம்?

வேட்டைத் தடை நிலத்தைப் பார்ப்பதில்லை, உயிரினத்தைப் பார்க்கிறது. சொந்தப் பட்டா நிலத்தில் வந்து உட்கார்ந்த கொக்கும் பாதுகாக்கப்பட்ட பறவைதான். வேட்டையாடப்பட்ட, அல்லது செத்துக் கிடக்கும் வனவிலங்கு அரசின் சொத்து. அதை எடுத்துச் சமைத்தாலும் சிக்கல்தான்.

புறம்போக்கு என்றால் கேட்பாரற்ற நிலம் என்று அர்த்தமில்லை. ஏரி, ஓடை, மேய்க்கால், களம், சுடுகாடு என்று ஊர்ப் பொதுப் பயனுக்காக ஒதுக்கப்பட்ட, வரி விதிக்காத நிலம் அது. ஏரியில் மீன் பிடிப்பதற்குக்கூடப் பல ஊர்களில் குத்தகை ஏலம் உண்டு. ஏலம் எடுத்தவர் இருக்கும்போது மற்றவர் வலை வீசினால் அது தகராறில்தான் முடியும்.

மீஞ்சூரைச் சுற்றி எந்த நிலம் எது? எப்படிப் பார்ப்பது?

மீஞ்சூரில் இருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லா வகை நிலமும் வந்துவிடும். வடக்கே பழவேற்காடு பறவைகள் சரணாலயம். 1980-ல் அறிவிக்கப்பட்டது, 153.67 சதுர கி.மீ. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, அங்கேயும் சரணாலயம்தான். தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகம். கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை பக்கம் காப்புக்காடுகள். நடுவே ஏரிகள், வயல்கள், அனல்மின் நிலையங்கள், தொழிற்சாலைகள். பார்க்க வேண்டிய வழி இதுதான்:

1. இடத்தைக் கண்டுபிடிப்பது: தமிழ்நாடு அரசின் புவியியல் தகவல் தளமான ‘டிஎன்ஜிஐஎஸ்’ வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டால் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் வரும். எழுதி வைத்துக்கொள்ளவும்.

2. நிலத்தின் வகை: வருவாய்த் துறையின் பட்டா–சிட்டா தளத்தில் ‘அ-பதிவேடு’ பகுதிக்குப் போய் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுக்கவும். ரயத்துவாரியா, அரசுப் புறம்போக்கா, ஏரியா, காடா என்பது அதில் தெரியும்.

3. அளவும் எல்லையும்: அதே சர்வே எண்ணுக்குப் புல வரைபடம், அதாவது எஃப்எம்பி ஸ்கெட்ச் எடுக்கலாம். பக்கத்துச் சர்வே எண்கள் எவை என்பதும் அதில் தெரியும்.

4. காட்டின் எல்லை: சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவிலான வரைபடங்களை அதன் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கலாம். வரைபடத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. காப்புக்காடுகள் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும்.

5. கடைசியாக, நேரில்: சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு விஏஓ அலுவலகத்திலோ வனச்சரக அலுவலகத்திலோ கேட்பது. சரணாலயத்தின் எல்லைக்கு அரசாணைதான் ஆதாரம். கூகுள் மேப்பில் தெரியும் பச்சை நிறம் ஆதாரமாகாது.

ஐந்தாவது படி ஏன் முக்கியம்? பழவேற்காடு சரணாலய எல்லைக்குள் வருவாய்க் கிராமங்களும் பட்டா நிலங்களும் இருக்கின்றன. அ-பதிவேட்டில் பட்டா என்று காட்டும் நிலம், வனத்துறைக் கணக்கில் சரணாலயத்துக்குள் இருக்கலாம். ஒரு வரைபடத்தை மட்டும் பார்த்தால் பாதி விஷயம்தான் தெரியும்.

காட்டுப்பன்றி பயிரை நாசம் செய்தால்?

வேட்டையும் வரைபடமும் நேரடியாகச் சந்திக்கும் இடம் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். 2025 ஜனவரியில் அரசு அறிவித்த நடைமுறைப்படி, தூரம் காப்புக்காட்டின் எல்லையிலிருந்து அளக்கப்படுகிறது:

• 1 கி.மீ. வரை: சுட அனுமதி இல்லை
• 1 முதல் 3 கி.மீ. வரை: பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும்
• 3 கி.மீ.க்கு அப்பால்: சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையினர் மட்டுமே

விவசாயி தானே துப்பாக்கி எடுக்க முடியாது. மின்வேலி, நாட்டு வெடி வைப்பதும் கூடாது. அந்த மின்வேலியில் பன்றி மட்டுமா மாட்டும்? ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகிற பக்கத்து வயல்காரரும் மாட்டலாம். வயலின் சர்வே எண்ணையும் காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தையும் குறிப்பிட்டு மனு கொடுத்தால், எந்த வகையில் வரும் என்பதில் இழுபறி இருக்காது. உயிருக்கு ஆபத்து வரும்போது தற்காப்புக்காக ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமல்ல என்றும் சட்டம் சொல்கிறது.

அரசு வரைபடம் என்றால் அப்படியே நம்பலாமா?

எந்த வருடத்து வரைபடம் என்று கேட்காமல் நம்பக் கூடாது. இதற்குப் பாடம் மீஞ்சூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணூர் கழிமுகத்துக்கு 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர மண்டல வரைபடம் உண்டு. கழிமுகத்தையும் அதைச் சேர்ந்த அலையாத்தி, உப்பள நிலங்களையும் கட்டுமானம் கூடாத பகுதியாக அது காட்டுகிறது. ஆனால் 2017-ல் ஆர்டிஐ மூலம் வெளியே வந்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியையே காணோம். சுமார் 6,500 ஏக்கர் நீர்நிலை காகிதத்தில் மறைக்கப்பட்டதாகச் சூழலியல் ஆர்வலர்கள் குற்றம்சாட்டினர்.

இதில் இழப்பு யாருக்கு? கழிமுகத்தில் வலை வீசும் மீனவர்களுக்கும், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும்தான். துப்பாக்கிக்கு இங்கே பொது நிலம் இல்லை. ஆனால் மீனுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பொதுவாக இருந்த தண்ணீர் உண்டு. பழவேற்காட்டில் எந்த ஊர் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ முறையே இருக்கிறது. அந்தப் பொது நீரை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டால், அடுத்து நிஜத்திலும் எடுத்துவிடுவது சுலபம். வனவிலங்குச் சட்டத்தில் சரணாலயத்தின் எல்லையை மாற்றுவதும், அதற்குள் வேட்டையாடுவதும் ஒரே தண்டனைப் பிரிவில் வருவது சும்மா இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

• பறவை பார்க்க ஆசை என்றால் பைனாகுலர் போதும், துப்பாக்கி வேண்டாம். பழவேற்காட்டில் குளிர்காலக் காலை நேரம் சரியான நேரம்.
• காட்டுக் காடை, கொக்கு, உடும்பு என்று யாராவது கறி விற்றால் வாங்க வேண்டாம். வாங்குபவர் மீதும் வழக்கு வரும். கடையில் கிடைக்கும் பண்ணைக் காடை வேறு.
• கண்ணி, வலை, சுடும் ஆட்களைப் பார்த்தால் வனச்சரக அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ இடத்தின் லொகேஷனோடு தகவல் சொல்லலாம்.
• உங்கள் ஊர் ஏரி, மேய்க்கால், கழிமுக நிலத்தின் சர்வே எண்ணை ஒரு முறை அ-பதிவேட்டில் பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளவும். பத்து வருடம் கழித்து அந்த ஏரி இங்கேதான் இருந்தது என்று நிரூபிக்க அந்த ஒரு பக்கம் தேவைப்படலாம்.